இரண்டாவது கியர்

ஆறு பந்தயம் இன்றைக்கு.
ஆறிலும் கடைசியாக வரப்போவது யாரென்று
காலையிலேயே எனக்குத் தெரியும்.
அதன்மேல் பணம் வாங்க
எந்த புக்கியும் ஒப்புக்கொள்வதில்லை.

ஆம்புலன்ஸ் ஓட்டுகிறேன்.
குதிரைகளுக்குப் பின்னால், உள்வட்ட மண்தடத்தில்.
சைரன் போடக் கூடாது, மிரளும்.

பள்ளிக்கரணைச் சதுப்பை ஒட்டிய சின்ன மைதானம்,
தை மாத ஞாயிறு.
காற்று இந்தப் பக்கம் திரும்பினால் குப்பைமேட்டுப் புகை,
அந்தப் பக்கம் திரும்பினால்
தண்ணீரில் ஒற்றைக்காலில் நிற்கும் பூநாரைகள்.
பந்தலில் வாடகை நாற்காலிகள்,
முதுகில் ஏதோ கல்யாண மண்டபத்தின் பெயர்.
தடைகள் எட்டு. மரச்சட்டத்தில்
சவுக்கு மிலாறு திணித்துக் கட்டியவை.
பந்தல் போட்ட மேடவாக்கத்து ஆட்களே
அதையும் கட்டினார்கள். அதே கயிறு, அதே முடிச்சு.
'தாலி கட்டற இடம் எதுங்க?' என்று கேட்டான் ஒருவன்
ஆறாவது தடையை இறுக்கிக்கொண்டே.

எனக்குக் குதிரை என்றால்
வால், பின்னங்கால், கண்ணாடியில் வந்து அறையும் மண்கட்டி.
எழும்பும்,
சவுக்கு விளிம்புக்கு மேல் ஒரு கணம் நிற்கும்,
அப்பால் விழுந்து மறையும்.
மறைந்தது மறுபடி தலை தூக்கும்வரை
பிரேக்கின்மேல் கால் வைத்திருக்கிறேன்.
அந்த ஒரு மூச்சுக்குத்தான் சம்பளம்,
மீதி நேரமெல்லாம் டீசல்.

பின்னால் ஜெசிந்தா, நர்ஸ்,
ஸ்ட்ரெச்சரில் காகிதம் விரித்து வேர்க்கடலை உரிக்கிறாள்.
பெயரைப் பார்த்துப் பணம் கட்டுகிறவள்.
நாலாவதில் 'கறுப்புக் காபி' மேல் ஐம்பது ரூபாய்.
'அதுல பால் கலக்க முடியாது பாருங்க' என்றாள்.
எனக்கு விளங்கவில்லை.

நாலாவது பந்தயம், ஆறாவது தடை.
எழும்பிய ஏழு பேரில் ஒருவன் மட்டும்
குதிரையை விட்டுவிட்டு
இன்னும் கொஞ்சம் மேலே போனான்.

நான் போய்ச் சேர்வதற்குள்
இம்தியாஸ் எழுந்து உட்கார்ந்திருந்தான்,
ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு,
கடைசி பஸ்ஸைத் தவறவிட்டவன் மாதிரி.
ஜெசிந்தா விரல்களைக் காட்டினாள். எத்தனை?
'மூணு. அக்கா, அது எங்க போகுது?'

அது போய்க்கொண்டுதான் இருந்தது.
முதுகில் யாருமில்லை.
காலி அங்கவடிகள் விலாவில் தட்டத் தட்ட
ஏழாவதைத் தாண்டியது.
தாண்டச் சொல்ல ஆளில்லை, அடிக்க ஆளில்லை,
பக்கத்தில் சுற்றிப் போகத் தாராளமாக வழி இருந்தது.
எட்டாவதையும் தாண்டியது,
தேவைக்கு ஒரு முழம் அதிகமாக.

நாற்காலிகள் சாய எல்லோரும் எழுந்துவிட்டார்கள்,
வேறு குதிரைமேல் கட்டினவர்களும்.
ஒரு பெரியவர் கையிலிருந்த பஜ்ஜியை ஆட்டி ஆட்டிக் கத்தினார்.
மூன்று குதிரை நீளம் முன்னால் வந்து
அது கோட்டைக் கடந்தபோது
ஒலிபெருக்கி வேறு பெயரைச் சொன்னது.

அதற்கு இது தெரியாது. நிற்கவில்லை.
வளைவு திரும்பி, கம்பித் தடுப்பைச் சுற்றி,
உள்வட்டத்தில் இறங்கி
வண்டிக்கு எதிரே வந்தது.
பதினோரு வருஷத்தில் முதல்முறையாக
ஒரு குதிரைக்கு முகம் இருந்தது.
நெற்றியில் சுண்ணாம்பு தொட்டு வைத்த மாதிரி ஒரு பொட்டு.
மூக்கு ஓட்டைகள் ரோஜா நிறத்தில் திறந்து மூடின.
பானட்டை முகர்ந்தது.
எஞ்சினை அணைத்தேன்.

பிறகு லாயக்காரர் எட்டியப்பன் மூச்சிரைக்க ஓடி வந்து
அதன் அம்மாவைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லி
கடிவாளத்தைப் பிடித்தார்.

ஸ்ட்ரெச்சர் வேண்டாமென்று இம்தியாஸ்
என் பக்கத்தில் முன்சீட்டில் ஏறிக்கொண்டான்.
ட்ரிப் ஷீட்டில் 'நோயாளி' என்ற இடத்தில்
'இல்லை' என்று எழுதினேன்.
'காரணம்' என்ற இடம் காலியாகவே இருக்கிறது.
ஜெசிந்தா சீட்டைக் கிழிக்கவில்லை,
கடலைப் பொட்டலத்துக்குள் மடித்து வைத்தாள்.

ஐந்தாவதுக்கு மணி அடித்துவிட்டார்கள்.
'இறங்கு தம்பி' என்றேன்.
'ஒரு ரவுண்டு மட்டும் அண்ணே,
பின்னாலிருந்து நான் பார்த்ததே இல்ல.'