வெண்ணெய்க்குப் பக்கத்தில்

ஃப்ரிட்ஜில் வெண்ணெய்க்குப் பக்கத்தில்
நவம்பரிலிருந்து ஆறு கூடுகள்.
பழைய தேயிலை டப்பா, மூடியில் ஊசித் துளைகள்,
மேலே என் கையெழுத்தில்: தின்னாதே.
குந்திஸ் ஒருமுறை தின்னப் பார்த்திருக்கிறான்.

ஜூலையில் பிடித்தவை.
ட்ராம் ஓட்டி முடித்த மத்தியானங்களில்
லியெபாயாவுக்குத் தெற்கே, மணல்மேடுகளுக்குப் பின்னால்,
ஊதா பூக்கும் ஹீதர் புதர்களில்
முழங்கால் தேயத் தேடியெடுத்த புழுக்கள்.
பச்சை உடம்பு, கறுப்பு வளையம்,
வளையத்தில் மஞ்சள் மருக்கள், மருவுக்கு நாலு மயிர்.
சாப்பாடு தவிர வேறு கொள்கை கிடையாது.
ராத்திரி விளக்கணைத்தால்
பெட்டிக்குள் தூறல் போல அவை மெல்லும் சத்தம்.
மழையா என்பான் குந்திஸ்.
தூங்கு என்பேன்.

ஆகஸ்டில் நூற்றன.
குடுவைபோல் ஒரு கூடு, அதற்கு ஒரு கழுத்து,
கழுத்தில் விறைத்த நார்கள் கூம்பாகக் குவிந்து நிற்கும்.
உள்ளிருந்து தள்ளினால் விலகும்,
வெளியிலிருந்து தள்ளினால் இறுகும்.
எறும்பு நுழையாது.
என் ட்ராமின் கதவை இந்த அளவு நம்பமுடியாது.

ஏப்ரல் ஏழு. டப்பாவை வெளியே எடுத்தேன்.
நடுவில் பள்ளம் ஓடும் பலகையைத் துடைத்தேன்.
ஊசிகள், கண்ணாடித்தாள் கீற்றுகள்,
எத்தில் அசிட்டேட் நனைத்த பஞ்சோடு ஜாடி.
பெயர்ச்சீட்டையும் முன்கூட்டியே எழுதிவிட்டேன்,
எள்ளளவு எழுத்தில்:
இனம், இடம், வளர்த்தவர் வெ. ஒசோலிஞா.

ஒன்பதாம் தேதி முதல் கூடு அசைந்தது.
நாற்காலியை இழுத்துப் போட்டேன்.
அந்துப்பூச்சி என்றால் கழுத்து வழியாக வரும்,
ஈரமாக, கசங்கி, யார் மேலோ கோபமாக.
விலாவில் ஒரு துளை விழுந்தது.
கடித்துக்கொண்டு வெளியே வந்தது
ஆரஞ்சு நிறத்தில், நூலிடையோடு, ஒரு குளவி.
பந்தியிலிருந்து எழுந்தவன்போல்
மீசையைத் துடைத்துக்கொண்டது.

கதவு கட்டுவதற்கு முன்பே அது வீட்டுக்குள் இருந்திருக்கிறது.
புதரிலிருந்து நான் எடுத்தபோதே,
புழுவுக்குள், முட்டையாக.
அதற்குத்தான் தழை பறித்திருக்கிறேன்.
அதற்குத்தான் வெண்ணெயை நகர்த்தி இடம் விட்டிருக்கிறேன்.

அழவில்லை. கெட்ட வார்த்தை ஒன்று சொன்னேன்.
குந்திஸ் எட்டிப் பார்த்து,
அழகாகத்தானே இருக்கு என்றான்.
இருந்தது.

இரண்டும் நான்கும் அதேபோல் குளவி.
மூன்றாவதில் பூஞ்சை.
ஐந்தாவது, நான் வேலைக்குப் போயிருந்த நேரத்தில்,
யாரும் பார்க்காமல் பிறந்து
திரைச்சீலையில் தொங்கிக்கொண்டிருந்தாள்.
சாம்பல் இறகு, நாலு கண், ஒரு செதில்கூட உதிரவில்லை.
இப்படியொன்றுக்காகத்தான்
இந்தப் பைத்தியம் பிடித்தவர்கள் ஜன்மம் முழுக்கக் காத்திருப்பது.
ஜாடியைத் திறந்தேன்.

ஜன்னல் நாலு விரல் திறந்திருந்தது.
அவள் வயிற்று நுனியை நீட்டி
எனக்கு எட்டாத ஒரு மணத்தைக் காற்றில் விட்டிருக்க வேண்டும்.
மூன்றே காலுக்கு முதல் ஆண் கண்ணாடியில் மோதியது.
பிறகு மூன்று. பிறகு பதினொன்று.
கால்வாய் தாண்டி, கிரேன்கள் தாண்டி,
என் தண்டவாளங்களுக்கு மேலாக
செம்மஞ்சள் பின்னிறகுகள் தறிகெட்டுப் பறந்து வந்தன.
மேல்மாடி ஸோயா பால்கனியிலிருந்து கத்தினாள்:
அங்கே என்னத்தைக் கொளுத்துற?

ஜாடியை மூடினேன்.
கருணை என்று எழுதிக்கொள்ளாதீர்கள்.
மறுநாள் சாயங்காலம் முட்டையிட்டு முடித்தாள்,
இடது இறகு கிழிந்து, நிறம் பாதி உதிர்ந்து.
அதற்கப்புறம் ஜாடிக்குத்தான் போனாள்.
இழுப்பறையில் அவளுக்குப் பக்கத்தில்
மூன்று குளவிகளையும் குத்திவைத்திருக்கிறேன்.
சீட்டில் இனத்துக்கு நேரே வெறும் கோடு.
வளர்த்தவர்: நான்தான்.

ஆறாவது இன்னும் திறக்கவில்லை.
காதருகே ஆட்டினால்
உள்ளே ஏதோ ஒரு கனம் சுவரில் இடிக்கிறது.
சிலது இரண்டு குளிர்காலம் தூங்கும் என்கிறார்கள்.
யார் தூங்குகிறார்கள் என்பதைச் சொல்வதில்லை.

நவம்பரில் டப்பாவோடு ஃப்ரிட்ஜைத் திறந்தேன்.
வெண்ணெயை ஏற்கனவே
யாரோ நகர்த்தி வைத்திருந்தார்கள்.