போற காசு

தட்டு தபாலில் வந்தது.
உறையை ஒருமுறை பிரித்து
மறுபடி ஒட்டியிருந்தார்கள்.
கொழும்பிலோ முகமாலையிலோ யாரோ
வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்திருப்பார்.
ஒரு வட்ட வானவில் தவிர
வேறென்ன தெரிந்திருக்கும்?

இன்டர்நெட்டில் இறக்கலாமே என்று கேட்டவர்கள் உண்டு.
எங்கள் தொலைபேசிக் கம்பியில் எழுநூறு மெகாபைட் என்பது
கரண்ட் நிற்காமல்,
மழை பெய்யாமல்,
மாமிக்கு லண்டன் கோல் வராமல்
இரண்டு பகல் இரண்டு இரவு.

குளப்பிட்டிச் சந்தியில் ரகுநேசன்
நூற்றைம்பது ரூபாய்க்குக் களவு விண்டோஸ் விற்கிறான்.
மட்டையில் அச்சுக்கூட வடிவு.
எனக்கு வந்தது சும்மா வந்தது,
மேலே ஒரு வரியோடு:
பிரதி எடு, ஆருக்கும் கொடு.
அன்றிரவே ஏழு கொப்பி அடித்தேன்.
கொப்பி என்றால் இங்கே எழுதுகிற கொப்பியும்தான்.
மார்க்கரால் பேரெழுதிப் பிள்ளைகளிடம் நீட்டியபோது
இரண்டும் ஒன்றாய்த்தான் இருந்தன.

முந்தி, கொக்குவில் என்று தட்டினால்
கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும்,
பஸ்ஸைத் தவறவிட்டவன் மாதிரி.
பக்கத்தில் ஒரு புள்ளி வட்டம்.
இதில் கொம்பு முன்னுக்கு வந்து நின்றது.
ஊர்ப்பேரை நாலுதரம் அடித்துப் பார்த்தேன்.
நாலுதரமும் நின்றது.

ஆர் செய்தது என்று தேடினேன்.
நீளப் பேர்ப்பட்டியலின் அடியில்
பிரேசிலில் ஓர் ஊர், வாய்க்குள் நுழையாத பேர்,
அங்கே அடெமார் என்றொருவன்.
எழுதியிருந்தான்:
"இந்த எழுத்தை எனக்கு வாசிக்கத் தெரியாது.
வேலை முடிந்து இரவில் செய்கிறேன்.
பிழை இருந்தால் சொல்லுங்கள்."
அதற்குக் கீழே, விரும்பினால் காசு அனுப்ப
ஒரு கணக்கிலக்கம்.

கஸ்தூரியார் வீதி, நகைக்கடைக்கு மேல்மாடி.
உண்டியல்காரர் என் ஆயிரத்தைந்நூறை எண்ணிவிட்டுக்
கண்ணாடியைக் கழற்றினார்.
"பிள்ளை, இது காசு வாற வழி.
போறதுக்கு இல்லை."
இருபது வருசத்தில் ஒருத்தரும் கேட்டதில்லையாம்.
"சும்மா தந்த சாமானுக்கோ? அவன் கேட்டவனோ?"
இல்லை என்றேன்.
காசைத் திருப்பித் தந்தார், இன்னொருதரம் எண்ணி.

பிறகு ஸ்காபரோவில் சின்னண்ணாவிடம் சொன்னேன்:
இந்த மாசம் எனக்கு அனுப்புறதில பதினைஞ்சு டொலர் குறை,
அதை அங்கயிருந்தே அவனுக்குப் போடு.
ஃபோன் கார்ட்டில் நிமிடம் ஓடுகிறது,
அண்ணா பேசவில்லை.
"ஃபான் வாங்கவெல்லோ அந்தக் காசு?"
ஃபான் பொறுக்கும்.
"உனக்கு வேர்க்கிறது அவனுக்குத் தெரியுமோ?"
தெரியத் தேவையில்லை.
கார்ட் முடிந்துவிட்டது.
போட்டானா இல்லையா என்று தெரியாமல்
மூன்று கிழமை.

பதில் பிரேசிலில் இருந்து வந்தது.
சைக்கிளுக்குப் பின் டயர் வாங்கினானாம்.
படமும் வைத்திருந்தான்.
சிவப்பு மண், மதிலில் சாய்த்த சைக்கிள்.
கரியர் மட்டும் இருந்திருந்தால்
உரும்பிராய் என்று சத்தியம் பண்ணியிருப்பேன்.

பெடியள் திரையைச் சுற்றி நெருக்கினார்கள்.
கௌதமி வரவில்லை.
அவளுடைய பேரில் இன்னமும்
கொம்பு ஒரு பக்கம், க ஒரு பக்கம்.
தன் கதிரையிலேயே இருந்து
இருபது ரூபாய்த் தாளை மேசையில் நீவி விரித்தபடி கேட்டாள்:
"டீச்சர், என்ர பேருக்கு எவ்வளவு எடுப்பான்?"