சனிக்கிழமை வட்டங்கள்

டியூஷன் நான்கு மணிக்கு முடியும்.
நான்கு மணிக்கு நான்
சுபாங்கில் ஒரு லிஃப்டின் தலைமேல் நிற்கிறேன்.
கீழே பெட்டிக்குள் மளிகைப் பைகளோடு யாரோ
கதவைத் தட்டுகிறார்கள்.
இருபது நிமிடத்தில் மீட்போம் என்று
நான்கு மொழிகளில் ஒட்டிவைத்திருக்கிறது கம்பெனி.
மீட்டேன். பதினெட்டு.

பிறகு ஃபெடரல் நெடுஞ்சாலை, மழை,
மிட்வேலி வரைக்கும் சிவப்பு விளக்குகள்.

பிரிக்ஃபீல்ட்ஸில் பூக்கடைக்கு மேல்மாடி.
நகைக்கடை கொடுத்த லட்சுமி படம் போட்ட கடிகாரம்.
அதன் கீழே பிளாஸ்டிக் நாற்காலியில்
எட்டு வயது லோஷினி.
அந்தக் கடிகாரம் அவளுக்குப் படிக்கத் தெரியாது.

மைக்ரோவேவ் படிப்பாள்.
ரயில் வர மூன்று நிமிடம் என்னும் பலகையைப் படிப்பாள்.
என் ஃபோனில் எத்தனை விழுக்காடு மிச்சமென்று
எனக்கு முன்னால் படிப்பாள்.
வட்டத்தில் மட்டும் கைநாட்டு.

பள்ளியில் சொல்லிக்கொடுத்தார்களாம், ஒரே வாரம்,
காகிதத் தட்டும் குண்டூசியுமாக.
அந்த வாரம் அவளுக்குக் காய்ச்சல்.
அந்த வாரம்தான் நாங்கள்
ரைஸ் குக்கர் யாருக்கு என்று
தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டிருந்தோம்.

நான் சொல்லிக்கொடுத்திருக்கலாம்.
அவளுக்குத் தெரியாமலிருப்பது
எனக்கு வசதியாக இருந்தது.
"ரொம்ப நேரமாச்சாம்மா?"
"தெரியலப்பா."
அந்தத் தெரியலவின் நிழலில்
ஒரு வருடமாக வண்டியை நிறுத்தியிருந்தேன்.
அவள் அம்மா கேட்டால் நாலேகால் என்பேன்.
எல்லாச் சனிக்கிழமையும் லிஃப்ட் அல்ல.
சிலது வெறும் தே தாரேக்.

இன்று தவமலர் டீச்சர்
பூட்டைக் கையில் வைத்தபடி படியில் நின்றார்.
என்னைப் பார்க்கவில்லை, மழையைப் பார்த்தார்.
லோஷினி வண்டியில் ஏறி, காலணி ஈரத்தைத் துடைத்து,
கணக்கு நோட்டின் கடைசிப் பக்கங்களைத் திறந்தாள்.

வட்டங்கள்.
ஒவ்வொன்றிலும் இரண்டு கோடுகள்,
குட்டை ஒன்று, நெட்டை ஒன்று.
எண்கள் இல்லை. தலைக்குமேல் தேதி மட்டும்,
அளவுகோல் வைத்து அடிக்கோடிட்டது.

"அப்பா வந்துட்டாங்கன்னு டீச்சர் சொன்னதும்
முள்ளு எப்படி இருக்கோ அப்படியே வரைவேன்."
எதுக்கும்மா?
"எப்படி இருந்தா நீங்க வருவீங்கன்னு கண்டுபிடிக்க.
ஆனா ஒரு தடவை மாதிரி ஒரு தடவை இல்லப்பா."

எனக்குப் படிக்கத் தெரியும்.
தீபாவளிக்கு முந்தின சனி: ஐந்தே முக்கால்.
அன்று மத்தாப்புப் பெட்டியோடு போனேன்,
நல்ல தகப்பன் என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டு.
பொங்கலுக்கு அடுத்தது ஐந்து பத்து.
மார்ச்சில் ஒன்று, முட்கள் இரண்டும் அழிக்கப்பட்டு
காகிதம் கொஞ்சம் கிழிந்து.
அது நான் வராத சனி.

ஒரே ஒரு வட்டத்துக்கு மஞ்சள் தீட்டி
கண்ணும் வாயும் வைத்திருந்தாள். நாலு பத்து.
"அன்னிக்கு ஹர்வின் போறதுக்கு முந்தியே
நீங்க வந்துட்டீங்க."

சிக்னலில் நிற்கிறோம்.
டேஷ்போர்டில் பச்சை எண்கள், 5:34.
இன்றைய வட்டத்தைப் பார்க்கிறாள்,
எண்களைப் பார்க்கிறாள்,
மறுபடி வட்டத்தை.
பென்சில் முனை நெட்டைக் கோட்டின் நுனியில் நிற்கிறது.
"அப்பா, கீழ பார்த்தா முப்பதா?"

ஆமாம் என்றேன்.
பொய் சொல்ல அந்த வினாடி போதவில்லை.

"அப்ப குட்டை அஞ்சத் தாண்டியிருக்கு" என்றாள்,
என்னிடம் அல்ல.
வட்டத்தின் அடியில் சின்னதாக எழுதினாள்: 5:30.
விரலை எச்சில் தொட்டு
ஒரு பக்கம் பின்னால் புரட்டினாள்.

பின்னால் ஹாரன்.
மழை எப்போதோ விட்டிருந்தது.
காய்ந்த கண்ணாடியில் வைப்பர்
கிறீச்சிட்டபடி போய்ப் போய் வந்துகொண்டிருந்தது.