ஆட்சேபம் உள்ளவர்

பதிவுத் தபாலில் வந்தது.
வாங்கிக்கொண்டதற்குக் கையெழுத்துக் கேட்டான் தபால்காரன்.
போட்டேன்,
லைல் புரோஹாஸ்கா.
உறைக்குள்ளே
அந்தப் பின்பாதியைத்தான்
என் மகள் வேண்டாமென்று எழுதியிருந்தாள்.

அவள் எங்கே எழுதினாள், பன்னிரண்டு வயது.
எழுதியது அவள் அம்மா ரோண்டா.
மைனர் டெலியா புரோஹாஸ்கா
இனி டெலியா வைமர் என்று அறியப்பட வேண்டி.
உள்ளூர்ப் பத்திரிகையிலும் மூன்று வாரம் வந்ததாம்,
பழைய டிராக்டர் ஏலத்துக்கும்
காணாமல் போன நாய்க்கும் நடுவில்.
நெப்ராஸ்காவின் அந்த மூலையில்
அதை எல்லோரும் படிப்பார்கள்.
வேறு என்ன இருக்கிறது படிக்க.

ஆட்சேபம் உள்ளவர் நேரில் வரலாம்.
உள்ளவன் நான்.
சட்டையை இஸ்திரி போட்டேன்; காலர் சரியாக வரவில்லை.
ஐந்நூறு மைல், இரவு முழுக்க,
சொல்ல வேண்டியதை ஸ்டியரிங்கிடம் சொல்லிப் பார்த்தபடி:
கனம் நீதிபதி அவர்களே,
மாதாமாதம் பணம் அனுப்பியிருக்கிறேன்.
(ஏழு மாதம் தவிர. அதை அவர்கள் சொல்லட்டும்.)

எங்களுக்கு முன்னால் ஒரு கிழவர்.
எழுபத்தோரு வயது.
பாஸ்போர்ட்டுக்குப் போன இடத்தில்தான் தெரிந்ததாம்,
பிறப்புச் சான்றிதழில் அவர் பெயர்
'ஆண் குழந்தை'.
அது சர்க்கரை பீட் அறுவடைக் காலம்;
பெயர் சொல்ல நேரமில்லாமல்
அம்மா வயலுக்குத் திரும்பியிருக்கிறாள்.
"கடன்காரர்களிடமிருந்து தப்பிக்க மாற்றுகிறீர்களா?"
விதிப்படி கேட்டார் நீதிபதி.
"ஆண் குழந்தைக்கு யாரம்மா கடன் கொடுப்பார்கள்?"
எல்லோரும் சிரித்தோம். நானும்தான்.
நான்கே நிமிடத்தில் அவர் ஆர்லன் ஆகி
தொப்பியை மாட்டிக்கொண்டு போனார்.

பிறகு புரோஹாஸ்கா என்று கூப்பிட்டார்கள்.
நானும் அவளும்
ஒரே நேரத்தில் எழுந்தோம்.

வளர்ந்திருந்தாள். பல்லில் கம்பி.
முதல் வகுப்பில் அந்தப் பெயர்
நோட்டு அட்டையின் கோட்டில் கொள்ளாமல்
கடைசி இரண்டு எழுத்தும் கீழே இறங்கி நிற்கும்.

ஏன் மாற்ற வேண்டும் என்று அவளைக் கேட்டார்கள்.
என்னைத் திட்டுவாள் என்றிருந்தேன்.
திட்டுக்குப் பதில் என்னிடம் இருந்தது.
அவள் மார்ச் மாதத்தைச் சொன்னாள்.
குடல்வால் வெடித்த இரவு.
அம்மா டென்வரில், நெடுஞ்சாலை பனியில் மூடிக்கிடந்தது.
ஆஸ்பத்திரிக்குத் தூக்கி வந்தவர் கெய்த் வைமர்.
"புரோஹாஸ்காவோடு யார்?" என்று நர்ஸ் கேட்க
அவர் எழுந்திருக்கிறார்.
உங்கள் பெயர் வேறாக இருக்கிறதே,
உட்காருங்கள் என்றாளாம்.
"உட்கார்ந்துட்டார்," என்றாள் டெலியா.
"நான் தனியா உள்ளே போனேன்."

அந்த இரவு என் போனில் நாலு அழைப்பு.
நார்த் டகோட்டாவில்
எண்ணெய்க் கிணற்று மேடைமேல்
மைனஸ் இருபதில் கையுறையோடு நின்றேன் என்று
சொல்லலாம்.
தூங்கிக்கொண்டிருந்தேன்.

"தந்தைக்கு ஆட்சேபம் உண்டா?"
ஐந்நூறு மைல் ஒத்திகை பார்த்த வாய்
இல்லை என்றது.
கெய்த் என்னைப் பார்க்கவில்லை, தன் ஷூவைப் பார்த்தார்.
நல்ல மனுஷன். அதுதான் கஷ்டம்.

நடைவழியில் டெலியா நின்றாள்.
ஏதோ சொல்லப்போகிறாள் என்று குனிந்தேன்.
"காலர் மடங்கியிருக்கு," என்று
தன் கழுத்தைத் தொட்டுக் காட்டினாள்.

கவுண்டரில் தீர்ப்பின் நகல் கேட்டேன். ஐந்து டாலர்.
எதற்கு என்றாள் கிளார்க்.
எனக்கும் தெரியவில்லை.
ரசீதுக்குப் பெயர் கேட்டாள்.
எழுத்தெழுத்தாகச் சொன்னேன்,
ஆயுள் முழுக்கச் சொல்லி வந்த மாதிரி.
ஓ-வுக்கு அடுத்த சி-யை விட்டுவிட்டாள்.
எல்லோரும் விடுவது அந்த சி-யைத்தான்.
பரவாயில்லை என்று போய்விடுகிறவன் நான்.
பின்னால் வரிசை வேறு நிற்கிறது,
பார்க்கிங் நேரமும் முடிகிறது.

"அடிச்சிட்டு
திரும்ப எழுதுங்க," என்றேன்.