நாற்பத்திரண்டு வோல்ட்

என்ஸ்கெடேயில் நவம்பர்.
நான்கரைக்கே இருட்டிவிட்டது.
நிலவறை ஆய்வுக்கூடத்தில் வீட்ஸ்கே
ஒரு துளி உப்புநீரை
நகரச் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

கடுகில் கால்வாசி இருக்கும்.
சிலிக்கோன் எண்ணெய்க்குள் குந்தியிருக்கிறது.
அடியில் நீரை அண்டவிடாத பூச்சு,
பூச்சுக்கு அடியில் மின்முனை.
தாமரை இலைத் தண்ணீர் என்று
பற்றற்றவர்களைப் புகழ்கிறோமே,
அந்தப் பற்றின்மைக்கு இங்கே
விலை எழுதி ஒட்டியிருக்கிறது:
நாற்பத்திரண்டு வோல்ட்.
பொத்தானைத் தொட்டதும்
உருண்டை தளர்கிறது, வயிறு தாழ்கிறது,
கொஞ்சமும் கூச்சமின்றித்
தரையோடு படர்ந்துகொள்கிறது.

அவ்வளவுதான் கருவி.
திருகு கிடையாது, சுருள்வில் கிடையாது,
தேய்ந்துபோக ஒன்றுமில்லை என்பதுதான்
நிதி கேட்ட விண்ணப்பத்தின் முதல் வரி.
துளி உருண்டு உட்கார்ந்தால்
ஒளி அதைத் தொடாமல் நேரே போகும்.
படர்ந்தால் விளிம்பு குறுக்கே வரும்,
ஒளி ஒடிந்து பக்கத்து இழைக்குள் நுழையும்.
என்றாவது இதன் வழியே
யாரோ யாருக்கோ சம்மதம் சொல்லலாம்,
கடன் கேட்கலாம்,
தப்பான நம்பர் என்று வைத்துவிடலாம்.
துளிக்கு அந்த வம்பெல்லாம் வேண்டாம்.
ஒட்டு. ஒட்டாதே.
விநாடிக்குப் பத்து முறை.

எண்பத்தோராயிரத்து முந்நூற்றாறாவது முறை
மின்சாரம் நின்றது,
துளி எழவில்லை.

ஒளி பாட்டுக்குப் பக்கவாட்டிலேயே போய்க்கொண்டிருந்தது.

"வோல்ட்டை ஏற்று" என்றான் ஹார்மென்,
ரொட்டிமேல் தூவிய சாக்லேட் சிந்தாமல்.
போன வியாழன் ஏற்றினாள்.
பூச்சு பொத்துக்கொண்டது,
துளி நுரைத்துக் குமிழிகளாய்ப் போனது.
மூன்று வார வேலை,
ஒரு சோடா பாட்டில் சத்தம்.

இம்முறை நுண்ணோக்கியில் குனிந்தாள்.
மூன்று பக்கமும் வட்டம் திரும்பியிருந்தது.
நான்காவதில் மட்டும்
முள்ளில் மாட்டிய முந்தானைபோல்
ஓர் ஓரம் இழுபட்டு நின்றது.
உருண்டு புரண்டாலும்
ஒட்டுகிற மண்தான் ஒட்டும் என்பார்கள்;
இது மண்கூட இல்லை,
நீலக் கம்பளி, ஒரே ஒரு இழை.

யாருடையது?
ஹார்மென் கையை நீட்டிக் காட்டினான்: பழுப்பு.
வீட்ஸ்கேயின் கழுத்துத்துணி பச்சை.
கதவில் தொங்கிய அங்கிகளை ஒவ்வொன்றாய் உதறி
அவர்கள் துப்பறிந்ததில்
மேலும் நாற்பது இழைகள்
காற்றில் ஏறியிருக்கும்.
அது இருவருக்கும் ஒரே நேரத்தில் உறைத்தது.

"81,306. காரணம்: ஸ்வெட்டர்"
என்று நோட்டில் எழுதினாள்.
பேராசிரியருக்கு நகைச்சுவை ஆகாது.
ஸ்வெட்டரை அடித்துவிட்டு
"புறத்துகள்" என்று திருத்தினாள்.

வெளியே தூறல்.
சைக்கிள் சீட்டில் முத்து முத்தாய் நின்ற நீரை
முழங்கையால் வழித்துவிட்டு ஏறினால்
முன்விளக்கு எரியவில்லை.
அணைத்துப் போட்டாள். இல்லை.
கம்பியை நெருடிப் பார்த்தாள். இல்லை.

உள்ளங்கையால் ஓங்கி இரண்டு அடி.

எரிந்தது.