நலம் விசாரிப்பு

வண்டியின் டிக்கியில் ஒரு கத்தரிக்கோல் இருக்கிறது,
என் கை நீளம்.
ரிப்பன் மட்டும்தான் வெட்டும்.
சரளைக்கல் சாலையில் ஏறிவிட்டால்
தனக்குத்தானே பேசிக்கொண்டு வரும்.

நான் ஓட்டுகிறேன்.
செனட்டர் மார்வா ப்ரெக்கே பின்னிருக்கையில்
காலணி மாற்றுகிறார்:
தலைநகரத்துத் தோல் கழன்று
மண் ஒட்டிய பூட்ஸ்.
அந்த மண் போன வருடத்து மண்.
துடைக்க வேண்டாம் என்று உத்தரவு.

ஆகஸ்ட். வடக்கு டக்கோட்டா.
இன்று மட்டும் மூன்று கவுண்டி.
விடிந்ததும் தீயணைப்பு நிலையத்தில் பான்கேக்,
பத்தரைக்குப் பாலத் திறப்பு
(ஜூனிலிருந்தே அதில் லாரி ஓடுகிறது),
மதியம் முதியோர் இல்லத்தில் பிங்கோ,
நான்கு மணிக்கு லுண்ட்பியில் தானியக் கிடங்கு,
இரவு ஒரு விருந்து.
இடையிடையே ருபார்ப் பை.
ஒரு துண்டை மறுத்தால் நாற்பது ஓட்டு போச்சு என்று
எனக்கு முன்னால் ஓட்டியவன்
சாவியோடு சேர்த்துச் சொல்லிவிட்டுப் போனான்.

அட்டைகளும் என் வேலை.
உள்ளங்கை அகலம், ஆளுக்கு ஒன்று.
முன்பக்கம் பெயர். பின்பக்கம் பென்சிலில்:
மகன் கடற்படையில்.
பயிர்க் காப்பீட்டில் கோபம், பேச விடவும்.
நாயின் பெயர் டூலி.
ஊருக்கு இரண்டு மைல் இருக்கும்போது
பின்னால் நீட்டுவேன்.
தேர்வு அறை வாசலில் நிற்கும் பிள்ளை மாதிரி
உதடு அசையப் படிப்பார்.
பொய் என்று சொல்ல மாட்டேன்.
கேட்டுவிட்டு, நின்று, பதிலையும் கேட்பார்.
அதை யாரும் அட்டையில் எழுதித் தர முடியாது.

லுண்ட்பியில் நல்ல காற்று.
சூரியகாந்திகள் எல்லாம் எங்களுக்கு முதுகைக் காட்டி நின்றன.
மடக்கு நாற்காலி அறுபது, ஆள் பத்தொன்பது.
கோதுமைத் தூசியில் மைக் இருமியது.
பிரசவ வார்டை ஏன் மூடினார்கள் என்று
கைக்குழந்தையோடு ஒருத்தி எழுந்தாள்.
தொண்ணூறு மைல், பனியில், என்றாள்.
"பார்க்கிறேன்" என்றார் செனட்டர்.
"போன வருஷமும் பார்த்தீங்க."
யாரும் கைதட்டவில்லை.
ஒரு நாற்காலி மட்டும் கிறீச்சிட்டது.

பிறகு வரிசை, கைகுலுக்கல்.
ஆறாவது ஆள் எல்வுட் ஸ்டென்ஸ்ருட்.
பின்பக்கம்: மனைவி வெர்னா. இடுப்பு அறுவை. கேட்கவும்.
கேட்டார்.
"வெர்னா எப்படி இருக்காங்க? இடுப்பு தேவலையா?"

பின்னால் நின்ற பெண் தரையைப் பார்த்தாள்.
அவளுக்கும் பின்னால் ஒருவர் தொப்பியைக் கழற்றினார்.
பிப்ரவரியில் வந்த உள்ளூர்ப் பத்திரிகை,
சுற்றிய ரப்பர் கூடக் கழற்றாமல்
என் மேஜையில் கிடப்பது
எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது.

எல்வுட் பிடித்த கையை விடவில்லை.
கிடங்கின் குழாயில் கொஞ்ச நேரம் தானியம் இறங்கியது.
"இப்போ வலி இல்லை" என்றார்.
"நீங்க விசாரிச்சதாச் சொல்றேன்."

"நல்லது, ரொம்ப நல்லது" என்று
செனட்டர் ஏழாவது கைக்கு நகர்ந்தார்.

பதினொரு மைல் பொறுத்துச் சொன்னேன்.
நிறுத்து என்றார்.
சர்க்கரைக் கிழங்கு வயல் ஓரத்தில் இறங்கி
பூட்ஸில் புது மண் ஏற நின்றார்.
விருந்தில் காத்திருப்பவர்களிடமிருந்து
இரண்டு முறை போன் வந்தது.
"வீடு எங்கேன்னு அட்டையில் இருக்கா?"
இல்லை. பெயர், நோய், நாய், கோபம்.
வீட்டுக்கு இடம் விட்டதே இல்லை.

ஏறினார். நேராகவே போகச் சொன்னார்.
திரும்புவார் என்று நினைத்திருந்தேன்.

இரவு விடுதியில் அட்டைகளை எண்ணினேன்.
ஒன்று குறைந்தது.
கேட்கவில்லை.
காலை ஐந்தரைக்கு வண்டியை எடுத்தபோது
பின்னிருக்கையில் அவர் முந்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார்,
கையில் என் பென்சில்.
டிக்கியில் கத்தரிக்கோல்
பேச்சைத் தொடங்கியது.