ஐந்தாம் பக்கம்

குத்தாய்சியில் நாளை எது முளைக்கும் என்று
இன்றிரவே தெரிந்துவிடும் எனக்கு.
ஆரூடம் இல்லை.
ரியோனி ஆற்றுப் பாலத்துக்கு இந்தப் பக்கம்
நகலகத்தில் இரவுப் பணி, அவ்வளவுதான்.

பகலில் வருபவை வீட்டுப் பத்திரம், இறப்புச் சான்று,
போலந்துக்கு வேலைக்குப் போகிறவர்களின் பாஸ்போர்ட்.
ஒன்பது மணிக்கு மேல் வருகிறவர்களிடம்
சில்லறைதான் இருக்கும்.
இரண்டு பக்கமும் அடிக்க முடியுமா என்பார்கள்.
கறுப்பு கொஞ்சம் கூடுதலாக, என்பார்கள்.
பிறகு தெருவையே பார்த்துக்கொண்டு நிற்பார்கள்,
நான் படிக்கிறேனா என்று
கவலையே இல்லாதவர்கள் போல.

படிக்கிறேன்.
தலைகீழாக, தட்டில் விழும் வேகத்தில்
படிக்கப் பழகிவிட்டது கண்.
கவிதையின் கடைசி வரி முதலில் வரும்.
தொடக்கம் சுடச்சுட அதன்மேல் வந்து படுக்கும்.

பெரும்பாலும் மோசம். மறைப்பானேன்.
நிலாவை விட்டால் வேறு கதியற்றவர்கள் உண்டு.
மண்டையோடு இல்லாமல் சுவரொட்டி போடத் தெரியாத
இசைக்குழுக்கள் ஆறு,
அதில் நான்குக்கு டிரம்ஸ் ஒரே பாகார்.

தேக்லா வந்தது பிப்ரவரி மழையில்.
சட்டைக்குள் வைத்துக் கொண்டுவந்தாள் எட்டுத் தாள்.
பன்னிரண்டு படி, என்றாள்.
பதின்மூன்றுக்குக் காசில்லை என்பது
பன்னிரண்டைச் சொன்ன விதத்திலேயே தெரிந்தது.

படக்கதை.
மூடிக்கிடக்கும் லாரித் தொழிற்சாலையில்
இரவுக் காவலுக்கு ஒரு பெண்.
காக்க அங்கே ஒன்றுமில்லை.
முதல் பக்கத்தில் திருகாணிகளை எண்ணுகிறாள்,
நான்காம் பக்கத்தில் யாரோ கதவைத் தட்டுகிறார்கள்.

அவள் போன பிறகு
ஏதோ கருகும் வாசனை.
பக்கவாட்டு மூடியைத் திறந்தால்
உருளைக்கடியில் விசிறி மடிப்பாக
அசல் ஐந்தாம் பக்கம்.
பன்னிரண்டு படியிலும் அது இல்லை.
எட்டாம் பக்கத்துக்குரிய முதுகு வெறுமையாக இருந்ததைப்
பின் அடிக்கும்போதுகூட நான் பார்க்கவில்லை.

உள்ளங்கையால் நீவினேன்.
கதவுக்கு வெளியே யார் நின்றார்கள் என்று
இப்போது உலகத்தில் இரண்டு பேருக்குத் தெரியும்.

சனிக்கிழமை பாகாரின் கச்சேரி,
டயர் கடையில், ஷட்டரைப் பாதி இறக்கி.
கேட்க வந்தவர்கள் பதினொரு பேர்,
அதில் இருவர் டயர் மாற்ற வந்தவர்கள்.
ம்ஸியா என்றொருத்தி
பழைய தொலைபேசி ரிசீவருக்குள் பாடினாள்.
தூரத்து ஊரிலிருந்து யாரோ
நம் வீட்டு எண்ணைத் தவறாக அழைத்து
மன்னிப்புக் கேட்காமல் பேசிக்கொண்டே இருப்பதுபோல்.
நிலா ஒரு வரியிலும் இல்லை.
குளிரில் நின்றிருந்த என் முழங்கால்
என்னைக் கேட்காமல் தாளம் போட்டது.

ஓரத்தில் நான்கு டயரை அடுக்கி
தேக்லா விற்றுக்கொண்டிருந்தாள். மூன்று போயிருந்தது.
கோட்டுப் பைக்குள் மடித்த தாளோடு
வாயில் மன்னிப்போடு நெருங்கினேன்.
எனக்கு முன்னால் ஒரு பையன்:
‘தட்டும் சத்தம். புரட்டினால் அவள் பனியில் நடக்கிறாள்.
யார் என்று சொல்லாமல் விட்டாயே,
அந்த இடத்தில் எனக்கு மூச்சு நின்றுவிட்டது.’

அவள் வாங்கிப் புரட்டினாள்.
நான்கு. ஆறு.
மறுபடி நான்கு.
காது மடல் சிவந்தது.
‘ஆமாம்,’ என்றாள், ‘அதை ரொம்ப நாள் யோசித்தேன்.’

என் விரல்களில் இருந்த மையை அப்போதுதான் பார்த்தாள்.
நான் ஒரு படிக்குக் காசு கொடுத்தேன்.
மீதி வாங்கவில்லை.

மார்ச்சில் வந்தாள். இருபது படி, ஒன்பது தாள்.
‘ஒன்றை நீ எடுத்துக்கொள்.
எது என்று என்னிடம் சொல்லாதே.’

மூன்று முறை படித்துவிட்டேன்.
எல்லாப் பக்கமும் வேண்டியதாகவே இருக்கிறது.
அவள் தெருவைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள்.
பொறி சூடாக
இன்னும் கொஞ்சம் நேரமாகும் என்று சொல்லியிருக்கிறேன்.